இலையில் மிச்சமாகும் தாமிரபரணி!

வனவாச காலம். சூரிய பகவான் அருளிய அட்சய பாத்திரத்தில் இருந்து அன்றைய விருந்தினர்கள் எல்லோரும் உண்டாயிற்று. பாண்டவர்களும் சாப்பிட்டு, கடைசியாகத் திரௌபதியும் சாப்பிட்டு, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தும் விட்டாள். இனி மறுநாள்தான் அதில் அன்னம் சுரக்கும்.

அந்த நேரம் பார்த்தா துர்வாச முனிவர் வர வேண்டும்? அதுவும் பெரிய சீடர் கூட்டத்துடன்! 'நதியில் நீராடிவிட்டு வருகிறோம், போஜனம் தயாராக இருக்கட்டும்' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கோபத்துக்குப் பெயர் போன முனிவர் ஆயிற்றே! கலங்கிப் போன திரௌபதி கண்ணனை நினைத்து அழுதாள். ஓடி வந்தவனோ, தனக்கும் பசிக்கிறது என்றான். பாத்திரத்தைக் கொண்டுவரச் சொல்லி உள்ளே பார்த்தான். விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது ஒரே ஒரு பருக்கை. கூடவே துளி கீரை. அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான் பரந்தாமன். அவ்வளவுதான்... ஆற்றில் நின்ற அத்தனை பேருக்கும் வயிறு நிறைந்து ஏப்பம் வந்துவிட்டது!

உபந்யாசங்களில் எத்தனையோ முறை கேட்டு மெய்சிலிர்த்த கதைதான். ஆனால், பாத்திரம் தேய்க்கும் நாம் இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. கழுவிய பாத்திரத்திலும் அந்தப் பருக்கை கண்ணன் கண்ணுக்குத் தெரிந்தது. குக்கரின் அடியில் ஒட்டிய ஒரு கரண்டி சாதத்தை வழித்து ஸிங்க்கில் விடும்போது நம் கண்ணுக்கு என்ன தெரிகிறது?

தெரிய வேண்டியது ஓர் ஆறு. அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை தோழியரே. தூத்துக்குடிப் பக்கம் போனால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

வடகால் போய்ச் சேரும் இடம்

புதுக்கோட்டை என்றதும் திருச்சிக்குத் தெற்கே இருக்கும் பழைய சமஸ்தானத்து ஊர்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். இது வேறு புதுக்கோட்டை. திருநெல்வேலியில் இருந்து தூத்துக்குடி போகிற நெடுஞ்சாலையில், துறைமுகப் பட்டணத்தைத் தொடுவதற்குச் சற்று முன்னால் வருகிற ஊர். அதையும் தாண்டிக் கிழக்கே போனால் கோரம்பள்ளம் குளம். அதற்கப்பால் உப்பளங்கள், அப்புறம் கடல். ஒரு காலத்தில் உலகத்துக்கே முத்து கொடுத்த கடல் அது. அங்கே கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல்.

கோரம்பள்ளம் குளத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது தெரியுமா? பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணியில் இருந்து! பாபநாசம் தொடங்கி வழியெங்கும் எட்டு அணைக்கட்டுகள். எட்டாவது, ஸ்ரீவைகுண்டம். அங்கிருந்து தென்கால், வடகால் என்று இரண்டு கால்வாய்கள் பிரிகின்றன. வடகால் குளம் குளமாக நிறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் கோரம்பள்ளத்தில் முடிகிறது. கடைமடை என்பார்களே, அதுதான். மேலே இருப்பவர்கள் எல்லாம் எடுத்தது போக மிஞ்சினால்தான் இங்கே தண்ணீர். அதை வைத்து நெல்லும் வாழையும் செய்கிற விவசாயிகள், கால்வாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்துப் பார்த்தே காலம் தள்ளுகிறவர்கள்.

ஒரு கிலோ நெல் விளைய சராசரியாக 2,500 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்று நெல் ஆராய்ச்சியாளர்கள் கணக்குச் சொல்கிறார்கள். மழையாகவும் வாய்க்காலாகவும் வயலுக்குள் வருகிற தண்ணீர் இது. ஒரு பிடி அரிசியை 40 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு பிடிக்கு மட்டும் குறைந்தது 100 லிட்டர் ஆகிறது. நகரத்தில் ஓர் ஆள் குடிக்க, குளிக்க, துவைக்க எல்லாவற்றுக்குமாக ஒரு நாளைக்கு அரசு வகுத்திருக்கும் அளவே 135 லிட்டர்தான்!

'எதற்கும் இருக்கட்டும்' என்று உலையில் கூடுதலாகப் போடுகிறோமே ஒரு பிடி... அது சாயங்காலம் யாரும் தொடாமல் கிடந்து, மறுநாள் காலையில் குப்பைக்குப் போகிறபோது, குறைந்தது ஆறேழு குடம் தாமிரபரணியும் கூடவே போகிறது.

2018 அக்டோபரில் தாமிரபரணி மகாபுஷ்கரம் நடந்தபோது எத்தனை லட்சம் பேர் திரண்டோம்! பாபநாசத்தில் இருந்து சேர்ந்தபூமங்கலம் வரை நவகைலாயம், ஆற்றின் இரு கரைகளிலும் நவதிருப்பதி என்று இந்த நதியை வைத்தே வழிபாடு வளர்த்த சீமை இது. தலையில் ஒரு கை தண்ணீர் தெளித்துக்கொள்வதற்காக ராத்திரி முழுக்க பஸ் பயணம் செய்து வந்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அவர்கள் வீட்டுச் சமையலறையிலும் அதே நதி அரிசியாக இருக்கிறது. அங்கே அதற்கு என்ன மரியாதை என்று ஒரு நிமிடம் யோசிக்கத் தோன்றுகிறது.

கழனிப்பானை போன பிறகு...

சரி, முன்பெல்லாம் சாதம் மிஞ்சவில்லையா? மிஞ்சியது. ஆனால், அதற்குப் போக்கிடம் இருந்தது.

ராத்திரி மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் பழையது. அந்தத் தண்ணீர் நீராகாரம். வெயில் காலமாக இருந்தால் மிஞ்சிய சோற்றில் உப்பும் சீரகமும் மிளகாயும் சேர்த்துப் பிசைந்து, மொட்டை மாடியில் கிள்ளி வைத்து வற்றல். அரிசி களைந்த தண்ணீர், காய்கறித் தோல், வடித்த கஞ்சியில் மீந்தது எல்லாம் கொல்லைப்புறக் கழனிப்பானைக்குப் போகும். அங்கிருந்து மாட்டுக்கு. மாட்டுச் சாணம் எருக்குழிக்கு. எரு மறுபடியும் வயலுக்கு. வாசல் கோலத்து அரிசி மாவு எறும்புக்கு, முதல் பிடி சோறு காக்கைக்கு... இந்தச் சுற்றில் 'குப்பை' என்ற பேச்சே இல்லை. பூத யக்ஞம் என்று சாஸ்திரம் பெரிய பெயர் வைத்துச் சொன்னதை, நம் பாட்டிகள் பெயர் தெரியாமலேயே தினமும் செய்துகொண்டிருந்தார்கள்.

அடுக்குமாடிக்குக் குடிவந்தபோது மாடு நின்றது, கழனிப்பானை நின்றது. சமையல் அளவு மட்டும் பழையபடியே நிற்கிறது! மிஞ்சியது இப்போது பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போடப்பட்டு வாசலுக்கு வருகிறது. பிறகு? லாரியில் ஏறி ஊருக்கு வெளியே போகிறது. தூத்துக்குடி மாநகரத்துக்கு அந்த 'வெளியே' என்பது தருவைக்குளம் பக்கம். கடலோர மீனவர் ஊர் அது. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் மன்னார் வளைகுடா. பவளப்பாறையும் கடல் பசுவும் சங்கும் சிப்பியும் வாழ்கிற கடல். எல்லா ஊருக்கும் இப்படி ஒரு தருவைக்குளம் உண்டு. நம் கண்ணில் படாததால் நமக்கு அது இல்லை என்றே தோன்றுகிறது.

மூட்டை மூட்டையாகக் குவிந்த குப்பைக்கு அடியில் காற்று போகாது. காற்றில்லாத இடத்தில் சோறும் காய்கறியும் அழுகும்போது மீத்தேன் என்ற வாயு கிளம்புகிறது. பூமியைச் சூடாக்குவதில் இது கரியமில வாயுவை விட ஏறக்குறைய 28 மடங்கு வலியது (100 ஆண்டுக் கணக்கில்). விளைந்தும் உண்ணப்படாமல் போகும் உணவு மட்டுமே, உலகம் வெளியிடும் வெப்ப வாயுக்களில் 8 முதல் 10 சதவிகிதத்துக்குக் காரணம் என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு.

அதே அமைப்பு 2024-ல் வெளியிட்ட அறிக்கையில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2022-ல் உலகம் முழுக்க வீணான உணவு 105 கோடி டன். ஹோட்டலிலும் கல்யாண மண்டபத்திலும்தான் கொட்டுகிறார்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம் அல்லவா? இதில் 60 சதவிகிதம் வீடுகளில் இருந்துதான் போயிருக்கிறது! நம் நாட்டில் ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 55 கிலோ. உலக சராசரி 79 கிலோ என்பதால் நாம் பரவாயில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். தோல், கொட்டை போன்றவையும் இந்தக் கணக்கில் சேரும் என்பதும் உண்மை. ஆனாலும், நாலு பேர் உள்ள வீட்டுக்கு 220 கிலோ. 25 கிலோ அரிசிச் சிப்பம் ஏறக்குறைய ஒன்பது! மளிகைக் கடையில் இருந்து ஒன்பது சிப்பத்தை வாங்கி, நேராகக் கொண்டுபோய்க் குப்பையில் வைத்தால் எப்படி இருக்கும்?

பிளாஸ்டிக் பை என்றதும் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. சோற்று வாசனைக்கு வருகிற பசுவுக்கு முடிச்சு அவிழ்க்கத் தெரியாது. பையோடு விழுங்கும். அது செரிக்காமல் வயிற்றிலேயே தங்கித் திரண்டு, அந்த வாயில்லா ஜீவன் தீனி எடுக்க முடியாமல் வாடிச் சாகும். வெள்ளிக்கிழமை கோபூஜை செய்கிற கைகள் செய்யக்கூடிய காரியமா இது? 'பையில்லாமல் தட்டில் வைத்துப் போடுகிறேனே' என்றாலும் அளவு வேண்டும். சாதத்தை வயிறு முட்டத் தின்ற மாட்டுக்கு உள்ளே அமிலம் மிகுந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். அமாவாசை அன்று தெருவே சேர்ந்து ஒரே பசுவுக்குச் சோற்றைக் கொட்டுவதைவிட ஆளுக்கொரு கட்டு அகத்திக்கீரை எவ்வளவோ மேல்.

சுவாமிக்கே அளவு உண்டு

ஐப்பசி பௌர்ணமி அன்று சிவாலயங்களில் அன்னாபிஷேகம் பார்த்திருப்பீர்கள். கங்கைகொண்ட சோழபுரத்தில் மூட்டை மூட்டையாக அரிசி வடித்து, அந்தப் பிரமாண்ட லிங்கத் திருமேனியை அன்னத்தால் மூடுவார்கள். 'இவ்வளவு சோற்றையும் வீணாக்குகிறார்களே' என்று விவரம் தெரியாதவர்கள் கேட்பதுண்டு. அபிஷேகம் முடிந்த பிறகு என்ன நடக்கிறது என்று நின்று பார்க்க வேண்டும். பாணத்தின் மீது சாத்திய அன்னத்தை எடுத்துக்கொண்டுபோய் ஆற்றிலோ குளத்திலோ கரைக்கிறார்கள். மீன்களுக்கும் நீர்வாழ் உயிர்களுக்கும் அது ஆகாரம். மற்றதைத் தயிர் சேர்த்துப் பிசைந்து பக்தர்களுக்குப் பிரசாதம். ஒரு பருக்கைகூடக் குப்பைக்குப் போவதாக இந்த முறையில் இடமே இல்லை.

திருச்செந்தூருக்குப் போகிறவர்கள் உச்சிகால பூஜை முடியும் வரை காத்திருந்தால் ஓர் அழகான காட்சியைப் பார்க்கலாம். ஒரு பாத்திரத்தில் பாலும் அன்னமும் எடுத்துக்கொண்டு, மேளதாளத்துடன் கடற்கரைக்குப் போய்க் கடலில் கரைத்துவிட்டு வருவார்கள். 'கங்கை பூஜை' என்று பெயர். செந்திலாண்டவன் சந்நிதியில் இருந்து கடல் ராசாவுக்குப் போகும் பங்கு. அண்டா அண்டாவாக அல்ல, ஒரே ஒரு பாத்திரம்! நைவேத்யத்துக்கு அளவு முக்கியமில்லை. சுத்தமும் சிரத்தையும்தான் முக்கியம் என்பதை இதைவிடச் சுருக்கமாக எப்படிச் சொல்வது?

தைத்திரீய உபநிஷத்தில் பிருகுவல்லி என்று ஒரு பகுதி. அன்னத்தைப் பற்றி அதில் விரதங்களே சொல்லப்பட்டிருக்கின்றன. அன்னத்தை இகழக்கூடாது, அன்னத்தை வேண்டாமென்று ஒதுக்கக்கூடாது, அன்னத்தைப் பெருக்க வேண்டும் என்பவை அவை. ஏகாதசிக்கு எவ்வளவு கவனமாக இருக்கிறோமோ அவ்வளவு கவனம் இந்த விரதங்களுக்கும் வேண்டும். இவற்றுக்குத் திதி பார்க்க வேண்டியதில்லை. பட்டினியும் கிடக்க வேண்டியதில்லை!

ஆனால், நாம் கோயிலில் என்ன செய்கிறோம்? சனிக்கிழமை பெருமாள் கோயில் பிராகாரத்தில் ஒரு சுற்று வந்தால் தெரியும். தூணுக்குத் தூண் பாதி சாப்பிட்ட தொன்னைகள். வரிசையில் நின்று, முண்டியடித்து, 'எனக்கு ரெண்டு' என்று கேட்டு வாங்கிய அதே புளியோதரை! அரைக் கரண்டி போதும் என்றால் பரிமாறுகிறவரிடம் சொல்லலாமே. பிரசாதம் விரலளவே ஆனாலும் பிரசாதம்தான். பிரதோஷத்துக்குப் பால் வாங்கிக் கொடுப்பவர்களும், 'இன்று எத்தனை லிட்டர் வந்திருக்கிறது?' என்று குருக்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்கினால், வந்தது போதுமென்ற நாளில் அந்தக் காசு எண்ணெய்க்கோ புஷ்பத்துக்கோ ஆகும்.

இலையில் விழுந்தால் எச்சில்

நம் வீடுகளில் எச்சில், பத்து என்ற ஆசாரம் எவ்வளவு கறாரானது! ஒருவர் கை வைத்த சாதத்தை இன்னொருவருக்குக் கொடுக்க மாட்டோம். அப்படியானால், இலையில் விழுந்த நொடியிலேயே அந்த உணவின் தலையெழுத்து முடிவாகிவிடுகிறது: சாப்பிட்டால் அன்னம், இல்லாவிட்டால் குப்பை. நடுவில் வேறு வழி கிடையாது. ஆகவேதான் பெரியவர்கள் பரிமாறுவதை ஒரு கலையாகவே வைத்திருந்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக வைத்து, கேட்டுக் கேட்டுப் போடுவது. இலையின் சொந்தக்காரர் கையைக் குறுக்கே காட்டினால் நிறுத்திவிடுவது.

இன்றைய பந்திகளில், உட்காருவதற்கு முன்பே இலையில் பதினெட்டு வகை வைத்தாகிவிடுகிறது. சர்க்கரை நோயாளி இலையிலும் இரண்டு ஸ்வீட்! இதை உபசாரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீட்டிலும் பாருங்கள்... வந்தவரை 'இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்' என்று நெருக்கிப் போடுவது நம் பாசம். ஆனால், அவர் சாப்பிட முடியாமல் இலையை மூடுகிறபோது சங்கடம் அவருக்கு, நஷ்டம் நமக்கு.

திருவள்ளுவரைப் பற்றி ஒரு செவிவழிக் கதை உண்டு. சாப்பிட உட்காரும்போதெல்லாம் வாசுகி அம்மையார் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் ஓர் ஊசியும் வைக்க வேண்டுமாம். காரணம் அம்மையாருக்குக் கடைசி வரை தெரியாது. இறுதிக் காலத்தில்தான் கேட்டாராம். பரிமாறும்போது பருக்கை கீழே சிந்தினால், ஊசியால் குத்தி எடுத்துத் தண்ணீரில் அலசிச் சாப்பிடலாம் என்றுதான் வைக்கச் சொன்னேன். ஆனால், நீ ஒரு நாளும் சிந்தவில்லையே என்றாராம் வள்ளுவர். வாசுகியின் பதிபக்திக்காகவே இந்தக் கதையைச் சொல்வார்கள். என்னைக் கேட்டால், கதையின் கதாநாயகி ஒரு நாளும் பயன்படாத அந்த ஊசிதான்!

அரிசி தேடிய ராத்திரி

2023 டிசம்பர் 17, 18. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டத்துக்காரர்கள் அந்த இரண்டு நாட்களை மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் 62. தாமிரபரணி கரை கொள்ளாமல் ஓடியது. தண்ணீர் வருமா என்று பார்த்துக்கொண்டிருந்த அதே கடைமடையில், கோரம்பள்ளம் குளமே உடைந்து தூத்துக்குடிக்குள் வெள்ளம் புகுந்தது.

திருச்செந்தூரில் முருகனைத் தரிசித்துவிட்டுச் சென்னைக்குப் புறப்பட்டவர்களுடன் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ், ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நின்றுவிட்டது. தண்டவாளத்துக்கு அடியில் இருந்த மண்ணும் ஜல்லியும் அரித்துக்கொண்டு போய்விட்டன. ஏறக்குறைய 800 பயணிகள். குழந்தைகள், முதியவர்கள், கர்ப்பிணிகள். சுற்றிலும் வெள்ளம், மின்சாரம் இல்லை, போன் இல்லை, கடை இல்லை. பக்கத்துக் கிராமமான புதுக்குடி மக்கள்தான் வீட்டில் இருந்த அரிசியைத் திரட்டிப் பொங்கி, முகம் தெரியாத அந்தப் பயணிகளுக்குச் சோறு போட்டார்கள். அவர்களும் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டவர்கள்தான். நாளைக்கு நமக்கு வேண்டுமே என்று பானையை மூடி வைத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது.

அந்த மழைக்கு நம் வீட்டுக் குப்பைக்கூடைதான் காரணம் என்று சொல்வது சரியல்ல. இந்தச் சீமையில் பெருவெள்ளம் முன்பும் வந்திருக்கிறது. ஆனால், காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவிகிதம் கூடுதலாக ஈரத்தைச் சுமக்கும் என்பது விஞ்ஞானம். அப்படிச் சுமந்தது கொட்டும்போது மொத்தமாகக் கொட்டும். குப்பை மேட்டில் இருந்து கிளம்பும் மீத்தேன் அந்தச் சூட்டில் ஒரு பங்கு என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வோம்.

இந்தச் சம்பவத்தில் என் மனதில் நிற்பது இன்னொன்று. புதுக்குடியில் அன்று உதவியது அரிசி. வடித்த சோறாக இருந்திருந்தால் மறுநாளே ஊசிப்போயிருக்கும். அரிசி காத்திருக்கும், சோறு காத்திருக்காது. மிஞ்சும் என்று தெரிந்தே நாம் உலையில் போடுகிற அந்த ஒரு பிடி, அரிசியாகவே இருந்திருந்தால் யாருக்காவது பசி தீர்த்திருக்குமே!

மகாபெரியவர் சொன்ன பிடி

இதைத்தான் காஞ்சி மகாபெரியவர், ஸ்ரீசந்திரசேகரேந்திர சரஸ்வதி ஸ்வாமிகள், அன்றைக்கே ஒரு தர்மமாக வகுத்துக் கொடுத்தார். பிடி அரிசித் திட்டம்! ஒவ்வொரு வீட்டு இல்லத்தரசியும் தினமும் சமையலுக்கு அரிசி எடுக்கும்போது ஒரு பிடி அரிசியையும் ஒரு காசையும் தனியே போட்டு வைக்க வேண்டும். அதைச் சேகரித்து, உள்ளூர்க் கோயிலில் சுவாமிக்கு நிவேதனம் செய்து, ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டும். பெரிய பணக்காரர் யாரும் தேவையில்லை. வசூல் நோட்டுப் புத்தகம் தேவையில்லை. ஒரு கைப்பிடி போதும்.

இதில் இரண்டு நன்மைகள். அன்னதானப் புண்ணியம் எல்லோருக்கும் தெரிந்தது. இன்னொன்றை அடுப்படியில் நிற்பவர்களே உணர முடியும். கையில் எடுத்த பிடி பானைக்குப் போகாமல் தனி டப்பாவுக்குப் போகிறபோது, அன்றைக்கு வடிக்கும் சாதம் ஒரு பிடி குறைகிறது. மிஞ்சுவதும் அந்த ஒரு பிடிதானே! ஆக, புதிதாக எதையும் செலவு செய்யாமல், குப்பைக்குப் போக இருந்ததே தானமாகிறது.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சில விஷயங்கள். முதலில் ஒரு வாரம், என்ன மிஞ்சுகிறது என்று மட்டும் காலண்டரில் குறித்து வாருங்கள். பெரும்பாலான வீடுகளில் மிஞ்சுவது ராத்திரிச் சாதமும், 'எல்லோருக்கும் பிடிக்கும்' என்று நினைத்து வைத்த கூட்டும்தான். அளப்பதற்கு டம்ளரோ உழக்கோ ஒன்றையே வைத்துக்கொள்ளுங்கள். கண் திட்டம் பெரும்பாலும் கூடுதலாகவே போடும். யார் யார் வீட்டில் சாப்பிடுகிறார்கள் என்று காலையிலேயே கேட்டுவிடுவது நல்லது. ஆபீஸ் பார்ட்டி என்று கணவரும், பிறந்த நாள் என்று மகளும் வெளியே சாப்பிட்டுவிட்டு வருகிற ராத்திரிகளில் அளந்தும் புண்ணியமில்லை.

மிஞ்சிவிட்டால்? சாதம் ஆறியதும், நேரம் கடத்தாமல் தண்ணீர் ஊற்றியோ ஃப்ரிட்ஜிலோ வைத்துவிடுங்கள். வெப்பத்தில் மணிக்கணக்காகத் திறந்து கிடந்த சாதத்தில் வளரும் ஒருவகைக் கிருமி உண்டாக்கும் நஞ்சு, மறுபடி சூடு செய்தாலும் போகாது. அதனால் ஒரு விஷயத்தைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நேற்றைய குழம்பை இன்று சாயங்காலம் முகர்ந்து பார்த்து, நாம் சாப்பிடத் தயங்கியதை வீட்டு வேலை செய்யும் அம்மாவிடம் தூக்கிக் கொடுக்கிறோமே, அது தானமில்லை. கொடுப்பதாக இருந்தால் மதியமே, சூடாக இருக்கும்போதே, அவர் வேண்டும் என்று சொன்னால் கொடுங்கள். கல்யாணம், சீமந்தம் போன்ற விசேஷங்களில் மிஞ்சுவதற்கும் இதே விதிதான். கோவையில் 2014-ல் தொடங்கிய 'நோ ஃபுட் வேஸ்ட்' போன்ற அமைப்புகள், கை படாத உணவை வாங்கிக்கொண்டுபோய்ப் பசித்தவர்களுக்குக் கொடுக்கின்றன. பந்தி முடிந்து பாத்திரம் கழுவும் நேரத்தில் தேடாமல், மண்டபம் பதிவு செய்யும்போதே உங்கள் ஊரில் இப்படி யார் இருக்கிறார்கள் என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

காய்கறித் தோல், வாழைப்பழத் தோல், பூஜையில் வாடிய பூ இவற்றைத் துளை போட்ட மண்தொட்டியில் காய்ந்த சருகோடு மாற்றி மாற்றிப் போட்டு வந்தால் இரண்டு மூன்று மாதத்தில் எரு. துளசி மாடத்துக்கு அதைவிட நல்ல உரம் இல்லை. எண்ணெய்ப் பதார்த்தமும் சாதமும் அதில் வேண்டாம். நாறும், எலி வரும்.

இனி, பிடி அரிசிக்கு வருவோம். மூடியுள்ள எவர்சில்வர் டப்பா ஒன்று. அடியில் நாலைந்து காய்ந்த மிளகாயோ ஒரு கொத்து வேப்பிலையோ போட்டால் வண்டு அண்டாது. ஈரக்கையால் எடுக்க வேண்டாம். தினம் 40 கிராம் என்றால் மாதம் 1 கிலோ 200 கிராம் சேரும். பத்து வீடு சேர்ந்தால் 12 கிலோ. ஒரு நாள் நூறு பேருக்குக் கிட்டத்தட்டப் பொங்கிவிடலாம். தமிழகக் கோயில்களில் 2002-ல் தொடங்கிய அன்னதானத் திட்டம் இப்போது நூற்றுக்கணக்கான ஆலயங்களில் நடக்கிறது. திருச்செந்தூரில் 2022 முதல் நாள் முழுவதும் அன்னதானம். உங்கள் தெருக் கோயிலில் அரிசியாகவே வாங்கிக்கொள்வார்களா, பச்சரிசியா புழுங்கலரிசியா, எந்தக் கிழமை கொண்டுவர வேண்டும் என்று அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பச்சரிசியையும் புழுங்கலரிசியையும் ஒரே டப்பாவில் கலந்துவிட வேண்டாம். வேகும் நேரம் வேறு வேறு, மடப்பள்ளியில் சிரமப்படுவார்கள்.